நாவுல பஸ்ஸில் போஸா நோவா

என் ஆல்பத்தைப் பாராட்டியவர்கள் மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேரும் சொந்தக்காரர்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

சனிக்கிழமைகளில் கண்டி ஹோட்டலொன்றில் ஜாஸ் பாடுகிறவள் நான். மற்ற நாட்களில் நாவுலையில் அரசாங்க உத்தியோகம். போஸா நோவா பிரேசில்காரர்களின் சங்கதி. கத்தாமல், காதோடு பேசுவதுபோலப் பாட வேண்டும். அந்தப் பாணியில் தமிழில் ஒன்பது பாட்டு எழுதிப் பாடி வெளியிட்டிருந்தேன். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வாயால் உண்மை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டையே விட்டுவிடுவேன் என்று கணவர் பிருந்தாபனிடம் சவாலும் விட்டாயிற்று.

ஆகவே மாத்தளைக்குத் திரும்பும் ஐந்து மணி பஸ்ஸில், டிரைவர் றிகாஸிடம் பென்டிரைவை நீட்டினேன்.

"யாரு பாடுறது, லோஜனா மிஸ்?"

"யாரோ கொழும்புப் பொண்ணு," என்று கூசாமல் புளுகினேன்.

ஆட்டம்போட வைக்கும் பைலாப் பாட்டுக்குப் பேர்போன பஸ் அது. முதல் பாட்டிலேயே கண்டக்டர், "பாவம், தொண்டை கட்டியிருக்குப் போல," என்றான். அவனை டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. பொய் சொன்னவள் எப்படி வாயைத் திறப்பது? நாலந்த ஊரைத் தாண்டுமுன் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஐந்தாம் பாட்டுக்குக் கண்டக்டரே குறட்டை விட்டான். என் பக்கத்தில், சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு வரும் ஸக்கியா உம்மாவும் கண்ணை மூடியிருந்தார். அவர் இறங்க வேண்டிய பலாபத்வல வந்தது, போனது. நான் எழுப்பவில்லை. என் பாட்டுக்குத் தூங்குகிறவர்கள் மாத்தளை வரை வரட்டும்.

மாத்தளை ஸ்டாண்டில்தான் அவர் கண் திறந்தார்.

"பலாபத்வல போயிருச்சே உம்மா. நல்லாத் தூங்கிட்டீங்க," என்றேன் கள்ளச் சிரிப்போடு.

"யாரு தூங்கினது? எடம் வந்தது தெரியும். பாட்டு முடியல்லயே, எப்பிடி எறங்குறது? திரும்பிப் போற பஸ்ஸுல போயிக்கிறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"அந்த நாலாவது பாட்டு மட்டும் சரியில்ல. இழுத்து இழுத்து அறுக்குது."

"என்ன அறுக்குது? அத எத்தன தடவ பாடிப் பதிஞ்சேன்னு தெரியுமா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

ஸக்கியா உம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "நீங்கதான் பாடினதுன்னு தெரியும் புள்ள. மொதல் பாட்டுலயே பார்த்தேன், ஒங்க வாயும் கூடவே அசைஞ்சிச்சி."

நான்தான் என்று தெரிந்தே, முகத்துக்கு நேரே அறுக்குது என்ற மனுஷி. அப்படியானால் மற்ற எட்டுப் பாட்டுக்காக ஊரைத் தாண்டி வந்ததும் சத்தியமான உண்மை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. நாலாவது பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது, அது வேறு விஷயம்.