மூன்று தலைக் குட்டி

ஜெர்வின் ஐந்தரைக்கு எழுந்தான். நேற்றைய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கினான். ஒரு முட்டை பொரித்தான். பொட்டலக் காப்பியைக் கிழித்து வெந்நீரில் கொட்டினான். சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். வாளித் தண்ணீரில் குளித்தான். சட்டையை மாட்டி, இடது பக்கம் சின்னக் கறுப்புத் துணித்துண்டைக் குத்தினான். பிறகுதான் சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. அலுவலகம் இல்லை. சட்டையைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

மனைவி ரோசெல் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நாளை பூசை முடிந்ததும் கறுப்பைக் கழற்றிவிடலாம்.

எட்டு மணிக்கு மாமியார் பெலென் வந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கையில் வாழையிலை வாசனையோடு ஒரு டப்பா அரிசிப் பலகாரம்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா.”

“என்ன சாப்பிட்ட?”

“முட்டை.”

“போன வாரமும் முட்டைதான் சொன்ன. கோழிக்கும் ஒரு நாள் லீவு குடுப்பா.”

பெலென் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே ரோசெலின் படம். அதன் கீழே பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அதற்கும் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

“நாளைக்கு பூசைக்கு வர்றவங்களுக்குக் குடுக்க. இங்க அவ கடைசியா சொன்ன ஜெபத்தைப் போடணும். பத்து மணிக்குள்ள சொல்லுங்கன்னு அச்சகத்துக்காரன் நிக்கிறான். அருள்நிறைந்த மரியேவா, பரலோகத்தில இருக்கிற பிதாவேவா? எதுன்னு நீ சொல்லவே இல்லையே.”

ஜெர்வின் அட்டையைப் பார்த்தான். ஜெபம் என்று அவன் சொன்னதே பொய். இதில் எதுவென்று எப்படிச் சொல்வது?

சவப்பெட்டி வீட்டில் இருந்த இரண்டாம் நாள் அது. ஒரு பக்கம் ஜெபமாலை, ஒரு பக்கம் சீட்டாட்டம், நடுவில் பிஸ்கட் தட்டு. பெலென் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னா என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஜெபம் சொன்னாம்மா” என்றான். வாயில் வந்தது அதுதான். அன்று இரவுதான் பெலென் முதல்முறையாகச் சோறு தின்றார்.

அலமாரியில் ரோசெலின் ஐந்து கதைப் புத்தகங்களும் வரிசையாக இருந்தன. ஐந்துக்கும் கண்ணாடித்தாள் உறை. புத்தகம் வாங்கினால் உறை போடாமல் முதல் பக்கத்தைக்கூடத் திறக்க மாட்டாள் ரோசெல். ஆறு பெருகி மரிகினா நகரமே மூழ்கிய வருடம் அவள் சட்டி பானையை விட்டுவிட்டு இவற்றைத்தான் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். நான்காம் புத்தகத்தின் மேல் மட்டும் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. துடைக்கலாம். யாரும் துடைக்கவில்லை.

அவளை அவன் அறிந்ததே அந்தப் புத்தகங்களால்தான். கல்லூரிக்குப் போகும் ஜீப்னி வண்டியில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து படிப்பாள். படித்தபடியே தனியாகச் சிரிப்பாள். இறங்க வேண்டிய இடத்தைத் தினமும் தவறவிடுவாள். இரண்டு வாரம் பார்த்தான். மூன்றாம் வாரம் அவளுக்காக இவனே கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தினான்.

“நான் இங்கதான் இறங்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் தாண்டிப் போய்த் திரும்ப நடக்கறியே.”

“சரி, கவனிக்கிற பையன்தான். படிப்பியா?”

அப்படித்தான் முதல் புத்தகம் கைக்கு வந்தது. கிரேக்கத் தேவர்களெல்லாம் வேலை போய், ஒரு சின்னத் தீவில் பிழைக்கிறார்கள். கடலரசன் வலை பின்னுகிறான். விதியின் மூன்று கிழவிகள் தையல்கடை வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கக்காரரின் மகள் இயாந்தேயிடம் பாதாளத்து நாயின் குட்டி ஒன்று வந்து சேர்கிறது. அதற்கு மூன்று தலை. ஒன்றுக்கு எப்போதும் பசி. ஒன்றுக்கு எதைப் பார்த்தாலும் பயம். ஒன்று எந்நேரமும் தூக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது. பத்தொன்பது வயதில் படித்தான். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

“நீ அந்தத் தூங்குற தலை” என்பாள் ரோசெல். “நான் பசிக்கிற தலை.”

“அப்ப பயப்படுறது?”

“எங்கம்மா.”

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லக்கூடாது. கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். கல்யாணத்தன்று ஐந்தாம் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தாள். அவன் அதைத் திறக்கவில்லை.

“முடிஞ்சிட்டா அப்புறம் எதைப் படிக்கிறது?”

“முதல்லேர்ந்து படி. நான் ஏழு தடவை படிச்சிருக்கேன், ஒண்ணும் குறையல.”

நான்கு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில்தான் திறந்தான். அவளால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. அவன் வாசிக்க, அவள் கேட்டாள். கடைசிவரை முடிக்கவில்லை.

“என்னப்பா, மறந்துட்டியா?” என்றார் பெலென்.

“அது ஜெபம் இல்லம்மா.”

பெலென் அட்டையிலிருந்து கையை எடுத்தார்.

“பொய் சொன்னியா?”

“ஆமாம்மா.”

“சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு?”

“ஆமா.”

“நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். சாமியார் பிரசங்கத்துலகூடச் சொன்னாரு.” குரல் உயரவில்லை. கழுத்துச் சிலுவையை விரலால் தேடிப் பிடித்துக்கொண்டார். “வலியில ஏதாச்சும் தப்பாச் சொன்னாளா? சாமியத் திட்டினாளா? அதான் மறைச்சியா?”

“இல்லம்மா, இல்ல. ஒரு நாயைப் பத்திச் சொன்னா.”

“எந்த நாயி?”

“வெறுமனே சொன்னா புரியாது. அவ புத்தகத்துல அந்தப் பக்கத்தைக் கேட்டாத்தான் புரியும்.”

பெலெனின் கைபேசி அடித்தது. அச்சகத்துக்காரன். அவர் அதை எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்தது.

“படி.”

ஜெர்வின் எழுந்துபோய் ஐந்தாம் புத்தகத்தை எடுத்தான். உறையில் தூசி. சட்டையில் துடைத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு செருகியிருந்த இடத்தில் திறந்தான். மறதி ஆற்றின் நடுவில் இயாந்தே மூழ்கிக்கொண்டிருக்கிறாள், அந்தத் தண்ணீர் பட்டால் எல்லாம் மறந்துபோகும், அதற்கப்புறம் உயிரும் போகும் என்று மாமியாருக்குச் சொன்னான். பிறகு வாசித்தான்.

“‘குட்டி கரையில் நின்றது. பசிக்கும் தலை அன்று எதையும் கேட்கவில்லை. பயப்படும் தலைதான் முதலில் கழுத்தை நீட்டியது. தூங்கும் தலை கண்ணைத் திறந்தது. மூன்றும் ஒன்றையொன்று ஒருமுறை பார்த்துக்கொண்டன. குட்டி ஆற்றில் குதித்தது.’”

பக்கம் அங்கே முடிந்தது. அவன் புரட்டவில்லை.

“அப்புறம்?”

“இதுக்கு மேல நான் படிக்கலம்மா. அன்னிக்கு இங்கதான் பக்கத்தைப் புரட்ட மனசு வரல. அவ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் நிறுத்தினதும் திறந்து பார்த்தா.”

பெலென் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“குட்டி செத்துருமா?” என்றார்.

ஜெர்வின் கட்டைவிரலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தான். அன்று அவனும் அதைத்தான் கேட்டிருப்பான். கேட்க வாய் வரவில்லை. ரோசெல் அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கப் பார்த்தாள், பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே பெலெனுக்குச் சொன்னான்.

“சொல்லக்கூடாதுதான், ஆனா சொல்றேன். குட்டி சாகாது. நீ பயப்படாம படி, தூங்குமூஞ்சி.”