ஒபாட்டியாவில் மேற்கு

மூன்றாவது தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து, மாயா அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தாள். மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு அடைத்துவிடும். முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் இழுத்த கல்தூளைச் சுற்றி நுரையீரல் தழும்பு கட்டிவிட்டது, காற்றுக்கு இடமில்லை. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இன்னிக்கி இன்னும் சொல்லலியே," என்றார் அப்பாதுரை.

தினமும் சொல்வதுதான். அண்ணன் வேந்தன், குரோஷியாவில் ஏட்ரியாட்டிக் கடலோரம் ஒபாட்டியா என்ற ஊருக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன். ஓட்டலில் ஆள் குறைத்ததில், இரண்டு மாதமாக எங்கோ உள்நாட்டில் கோழிப் பண்ணையில் கிடக்கிறான். அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்றான். அதனால் மாயா வேலைக்குப் போகும் பங்காருபேட்டை ரயிலில் போனில் படித்ததையெல்லாம், அண்ணன் சொன்னதாகச் சொல்லிவந்தாள். ஒரு வியாபாரி செத்துப்போன மனைவியின் பெயரில் அங்கே மாளிகை கட்டியது. பிறகு ரயில் வந்தது, ஓட்டல் வந்தது. "நம்ம சுரங்கத்துல ஷாஃப்ட் எறக்கின காலம்," என்பார் அப்பா. வியன்னா டாக்டர்கள் நெஞ்சு நோயாளிகளை அங்கே அனுப்பினார்கள். பின்னால் மலை காற்றைத் தடுக்கும். முன்னால் கடல் குளிரை மட்டுப்படுத்தும். நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் நடைபாதை. இந்த இடம் வந்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்.

மாயா தூங்கி மூன்று நாளாகியிருந்தது.

"வேலை முடிச்சு அண்ணன் அந்தப் பாதையில நடந்து போச்சாம்பா. பாறை மேல ஒரு பொண்ணு சிலை, கையில கடல் பறவை. அதுக்குப் பின்னால சூரியன் கடல்ல எறங்குச்சாம்."

அப்பாதுரை கண்ணைத் திறந்தார். சர்வேயருக்குத் திசைகாட்டி பிடித்தவர் அவர். இரண்டு பக்கமிருந்து குடைந்துவரும் சுரங்கங்கள் நடுவில் சந்திக்கவேண்டுமே. சூரியனே இல்லாத ஆழத்தில் மேற்கு எது என்று காட்டியவர்.

"மலை எந்தப் பக்கம்னு சொன்ன?"

"மேற்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மலைக்குப் பின்னால் மறையவேண்டிய சூரியனை எதிர்ப்பக்கக் கடலில் இறக்கிவிட்டிருந்தாள். அடுப்படியில் அம்மா சாரதா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

"அவன் அங்க இல்ல," என்றார் அப்பா.

அவர் நெஞ்சு நாலைந்து முறை ஏறி இறங்கியது.

"வேளைக்கு சாப்புடறானா?"

"சாப்புடுதுப்பா."

"செரி. செலை வரைக்கும் வந்துட்டோம். அப்புறம் இன்னா?"

அவள் சூரியனை மலைப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்து பாதை வளைந்தது. வேலியோரம் காமெல்லியாப் பூ, படகுகள், பிறகு அடுத்த ஊரான லோவ்ரானின் கஷ்கொட்டை மரங்கள். எந்த வளைவில் தன் கைக்குள் இருந்த அவர் கை தளர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தாமல் பாதை முடிகிறவரை சொல்லிமுடித்தாள்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினாள். அப்பா மட்டமாகப் படுத்திருந்தார்.