கையால் இறக்கிய லைன்

அன்று பிற்பகல் மின்கட்டுப்பாட்டு அறையில் மூவர் இருந்தார்கள். சுவர்த்திரைக்கு நேர் எதிரே ஷிப்ட் இன்ஜினியர். அவளுக்கு வலப்புறம், மின்நிலையங்களோடு போனில் கத்திக் கத்தியே ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வாங்கியவர். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் மேலதிகாரி.

எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் படுத்துவிட்டது. ஐம்பதில் நிற்கவேண்டிய அதிர்வெண் நாற்பத்தொன்பதுக்கும் கீழே சரிந்தது. இப்படிச் சரிந்தால், குறித்துவைத்த லைன்களை ரிலேக்கள் தாமாகவே துண்டித்துப் பாரத்தைக் குறைக்கும். துண்டித்தன. சரிவு நிற்கவில்லை.

“என்னம்மா, பாதி லைன்கூட விழலையே!” என்றார் ஒலிபெருக்கி.

“பட்டியல்ல இருந்தாத்தானே விழும்? ஆளாளுக்கு விலக்கு வாங்கிட்டோம். உங்க மாமனார் தெரு, சாரோட கிளப்பு...”

“உங்க அண்ணன் கோழிக்குஞ்சுப் பண்ணையை விட்டுட்டீங்க.”

விடவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ஜெனரேட்டர் பழுதாகிக் கிடக்கிறது, பொரிக்கும் இயந்திரத்தில் காற்றாடி நின்றால் முட்டைக்குள்ளேயே குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று அண்ணன் அழாத குறையாகக் கேட்டிருந்தான். அவளும் அவன் லைனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் மற்ற மின்நிலையங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். நாடே இருண்டுபோகும்.

“விலக்கு வாங்கின அத்தனையும் கையால இறக்குங்க” என்றாள்.

“எதை முதல்ல?”

“எங்கண்ணனோடதை நானே இறக்குறேன்.”

‘லைனைத் துண்டிக்கவா? நிச்சயமா?’ என்று கேட்டது திரை. அழுத்தினாள். ஒலிபெருக்கி மற்றவற்றை மளமளவென்று இறக்கினார். எண் நடுங்கி நின்று, ஊர்ந்து ஏறத் தொடங்கியது.

அவள் கைபேசி அலறியது.

“தங்கச்சி, எப்ப வரும்?”

“தெரியலைண்ணா.”

“குஞ்சுங்க முட்டை ஓட்டைக் கொத்துதுங்கடி. கேளு.” போனை முட்டைத் தட்டின் அருகே பிடித்தான் போலிருக்கிறது. டிக், டிக் என்று சன்னமாகக் கேட்டது. “பத்து நிமிஷம் குடு. உன் கால்ல விழறேன்.”

“இப்பக் குடுத்தா மறுபடி சரிஞ்சிரும்ணா. முடியாது.”

லைனைத் திருப்பித் தரும் முன்பே மறுபடி அழைத்தான். “சத்தம் நின்னுடுச்சு” என்றான். வைத்துவிட்டான்.

ஷிப்ட் முடிந்ததும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினாள். யார் யாருக்கு விலக்கு என்று வரிசையாகக் குறித்தாள். எல்லாவற்றையும் ரத்து செய்யவேண்டும், தன் அண்ணன் லைனை ரிலேப் பட்டியலில் முதலாவதாகச் சேர்க்கவேண்டும். கடைசியாக ஒரு வரி: ‘இன்னொரு தடவை இதைக் கையால் செய்ய என்னால் ஆகாது.’

மேலதிகாரி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “கிளப்பையும் எழுதிட்டியேம்மா. இதை நான் எப்படி அனுப்புவேன்?”

“நீங்க அனுப்ப வேண்டாம் சார்.”

உறையை ஒட்டினாள். ஓரம் கோணலாக ஒட்டிக்கொண்டது. அப்படியே எடுத்துப்போய்த் தபால் பையில் போட்டாள்.