பேனா மறுபடியும் விழுந்தது

அந்தப் படிப்பறையில் யாருக்கும் முகம் கிடையாது. கையும் புத்தகமும் மட்டும் தெரியும்படி கேமராவைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பேசக் கூடாது. மைக்கைத் திறந்தால் வெளியேற்றிவிடுவார்கள். தனித்தனி அறைகளில் கிடக்கும் மாணவர்கள், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்ற தெம்புக்காக ஏற்படுத்திக்கொண்ட இணைய அறை அது. மேசையில் எது தெரிகிறதோ அதுதான் பெயர். பச்சைப் பேனா ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கூடு ஒருவர், அவ்வப்போது புத்தகத்தின் குறுக்கே ஒரு வால் நீண்டு போவதால் பூனைவால் ஒருத்தி. நம் சின்னவளுக்கு மஞ்சள் குவளை என்று பெயர்.

சின்னவள் இயன்முறை மருத்துவம் இரண்டாம் ஆண்டு. வகுப்புகளைப் பதிவு செய்து கல்லூரிச் செயலியில் போட்டுவிடுவதால், முதலில் காலை வகுப்புக்கு மட்டும் போகாமல் இருந்தாள். பிறகு எதற்குமே போகவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பாடங்கள் மலையாகக் குவிந்தன. அதே செயலி, ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் எல்லோரையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி எல்லோருக்கும் அனுப்பும். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! தன் பெயரைத் தேடித் திரையைத் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போன அன்று கட்டிலில் படுத்தவள்தான். அழுகை வந்திருந்தாலாவது தேவலை. ஒன்றும் வரவில்லை. பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

அவளுக்கென்று இருப்பது ஓர் அக்கா. பக்கத்து நகரத்தில் ஒரு பார்லரில் முடி வெட்டுகிறாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையை ஆளாக்கியவள் அவள்தான். படிப்பறையின் இணைப்பைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு வாடிக்கையாளர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் எட்டிப் பார்ப்பாள்.

"உன் மூஞ்சி வேணாம்டி. அந்தக் கை எழுதுறதப் பாத்தாலே எனக்கு வயிறு நெறஞ்சிடும்" என்பாள்.

அந்த வயிற்றைக் காயப்போட மனம் வராமல்தான் சின்னவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்த ஒரு நாள், தான் படிப்பதை நீளமாகப் பதிவு செய்து, கேமராவுக்குப் பதில் அந்தப் பதிவே திரும்பத் திரும்ப ஓடும்படி கணினியில் ஏற்பாடு செய்துவிட்டாள். நடுவில் பேனா கைதவறி உருண்டு விழ, குனிந்து எடுக்கும் இடம் ஒன்று இருந்தது. வெட்டியிருக்கலாம். அசல் மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள், அதிபுத்திசாலி.

திரையில் கை மும்முரமாக எழுதிக்கொண்டிருக்க, கைக்குச் சொந்தக்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்கா கேட்டால் "படிச்சிட்டு இருக்கேன்க்கா." இப்படியே போனால் எழுந்திருக்கவே போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெம்பில்லை. நான் இல்லாமல் போனாலும் அந்தக் கை எழுதிக்கொண்டேதான் இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு மதியம் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

பயம் தெளியாமல் கிடந்தபோதுதான் பூனைவாலிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

"பேனா மறுபடியும் விழுந்துச்சு."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டு உடைந்துவிட்டது, மானம் போகப் போகிறது என்று இணைப்பைத் துண்டிக்கப் போனாள். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்களேன்."

"எப்படி?"

"என் பூனையக் கொஞ்ச நேரம் பாருங்க."

பார்த்தாள். வால் இடப்பக்கமிருந்து வந்தது, புத்தகத்தின் ஓரத்தைத் தடவியது, நின்றது, ஒருமுறை சுருண்டது, போய்விட்டது. பொறுமையாகக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து மறுபடியும் வந்தது. அதே ஓரம், அதே சுருள்.

சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கள்ளியை இன்னொரு கள்ளி பிடித்திருக்கிறாள்! சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, தலையணை நனைகிற அளவுக்கு அழுதாள். ஒருத்தி கவனித்திருக்கிறாள். ஊர்பேர் தெரியாத ஒருத்தி, தன் பேனா விழுவதைக்கூடக் கவனித்திருக்கிறாள்.

"யார்கிட்டயாவது சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க. வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று பூனைவால் கேட்டாள்.

"அக்கா இருக்கா."

"அக்கா இருக்காங்களா? அப்புறம் ஏன் இன்னும் என்கிட்டப் பேசிட்டு இருக்கீங்க?"

சின்னவள் அக்காவை அழைத்தாள். அந்தப் பக்கம் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, நான் படிக்கல. நீ பாக்கிறது பழைய வீடியோ. என்னால எந்திரிக்கவே முடியலக்கா."

இரைச்சல் நின்றது. திட்டு விழப்போகிறது என்று சின்னவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கதவைத் தொறந்து மட்டும் வை. போனை வைக்காத, பேசிக்கிட்டே வரேன்" என்றாள் அக்கா.

பாதி வெட்டிய தலையோடு ஒரு அம்மாவை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த அம்மா இன்றுவரை அந்தப் பார்லர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அக்கா வந்து சேர்ந்தாள். வாராமல் கிடந்து பின்னந்தலையில் கெட்டிப்பட்டுப் போன முடியைப் பார்த்தாள். தங்கையைத் தரையில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். "வெட்டிடுக்கா, ஈசி" என்றதற்கு, "என் தொழிலு எனக்குத் தெரியும், மூடிட்டு உக்காரு" என்றாள். அந்த விரல்கள் தலையில் பட்டபோது சின்னவளுக்குத் தோன்றிய நன்றிக்கு அளவே இல்லை. மறுநாள் காலை இருவரும் மனநல மருத்துவரிடம் போனார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, நோய், குணமாகும், நாளாகும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்து, வாராவாரம் வந்து பேசச் சொன்னார். கல்லூரியில் அந்தப் பருவத்துக்கு விடுப்பு கிடைத்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. எழுந்து குளித்த நாளும் உண்டு, போர்வையை விட்டு வராத நாளும் உண்டு. அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். பூனைவாலின் கதை முழுவதையும் ஒரு சாயங்காலம் கேட்டு முடித்தவள், தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி, அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. நன்றி என்று நூறு தடவை எழுதியிருக்கிறாள். அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா யாரிடமும் அனுமதி கேட்கிற ஜாதி இல்லை. கணினியின் முன்னால் போய் உட்கார்ந்து படிப்பறைக்குள் நுழைந்தாள், கேமராவை முகத்துக்கு நேரே நிமிர்த்தினாள், மைக்கைத் திறந்தாள். படிப்பறையில் அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் நின்றுபோயின. வெளியேற்றும் அதிகாரம் மூக்குக்கண்ணாடிக் கூட்டிடம் இருந்தது. அந்தக் கை ஒரு பொத்தானையும் தொடவில்லை.

"நான் மஞ்சள் குவளையோட அக்கா. பூனை வச்சிருக்கிற பொண்ணே, என் தங்கச்சிய எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கம்மா. உன்ன நெனைக்காத நாளில்ல. நீ எப்படி இருக்க? உன்கூட யாராவது இருக்காங்களா?"

வால் வந்தது, சுருண்டது, போனது. அக்கா நகரவில்லை. பிறகு அந்தச் சதுரம் கறுத்து, மறுபடி வெளிச்சமானபோது புத்தகமும் இல்லை, பூனையும் இல்லை. மருந்து அட்டைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவே மெலிந்த ஒரு கை மட்டும் இருந்தது.

"யாரும் இல்லக்கா" என்றது கம்மிப்போன ஒரு குரல்.

"அப்ப விலாசத்த அனுப்பு."

"தூரம்க்கா."

"பஸ்ஸு இருக்கில்ல? அனுப்பு."

விலாசம் தனிச்செய்தியில் வந்தது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். சின்னவள் கட்டிலை விட்டு எழுந்து, "இரு அக்கா, நானும் வரேன்" என்றாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா. மொதல்ல மாத்திரையப் போட்டுக்க."