திட்டுவதற்கு ஓர் ஆள்

மராட்டி பேசும் சிஞ்ச்வட்டில் லூர்துசாமி குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். முட்டி ஆபரேஷனுக்கு முன்பு, ஏறி முடிப்பதற்குள் ஒரு சட்டசபைத் தேர்தல் வந்து போய்விடும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு தேர்தல்.

பெங்களூரிலிருந்து மகள் தீபா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை வர்றேன்ப்பா. யாரும் பிடிக்காம தனியா இறங்கி ஏறிக் காட்டுங்க. முடியலேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு என்கூடக் கிளம்புங்க."

மனைவி மேரி வாழ்ந்து முடித்த வீடு அது. அவள் போன பிறகு அங்கே தமிழ் பேசுவது சுவர்க்கடிகாரத்தோடுதான். ஆனாலும் விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

பயிற்சி கொடுக்க வரும் ரீனா தங்கமான பெண். முட்டி ஒரு மயிரிழை மடங்கினாலும், "பஹுத் அச்சா அங்கிள்!" என்று கை தட்டுவாள். பாராட்டு கிடைத்த இடத்திலேயே முட்டி சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் மடங்க என்ன அவசியம்?

புதன்கிழமை காலை லூர்துசாமிக்கு ஜெகதீசன் சார் ஞாபகம் வந்தது.

லூர்துசாமி லேத்தில் இரும்பு கடைந்த ஆலைப் பட்டறையில் இருந்த ஒரே தமிழ் ஃபோர்மன் அவர். தமிழனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று, மற்றவர்களை ஒரு பங்கு திட்டினால் லூர்துசாமியை மூன்று பங்கு திட்டுவார். அதுவும் திருநெல்வேலித் தமிழில். அந்தச் சத்தத்துக்கு லேத் தானே நின்றுவிடும். மழைக்குப் பேர்போன லோனாவ்ளாவில் மழையே பயந்து ஒதுங்கும். லூர்துசாமி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே சாமானைப் பத்தொன்பது தடவை கடையவைத்து, பத்தொன்பதையும் குப்பையில் எறிந்தார். இருபதாவதை அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு ஆலை ஏழு மாதம் மூடிக் கிடந்தபோதும், மேரியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும், 'அந்த மனுசனையே தாங்கியாச்சு, இது என்ன' என்றுதான் லூர்துசாமி எழுந்து நின்றார்.

பேச்சு விட்டுப்போய்ப் பதினோரு வருடம் கழித்துப் போன் போட்டார்.

"யாரு?" கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"லேத் லூர்துசாமி, சார்."

"லூர்தா? சாப்பிட்டியாப்பா?"

லூர்துசாமி போனைக் காதிலிருந்து எடுத்து, எண் சரிதானா என்று பார்த்தார். முப்பது வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"உடம்பு சரியில்லையா சார்? ஏன் இவ்வளவு மெதுவா?"

"ஊருக்கு அந்தக் கோடியில, ஹடப்சர்ல மவன் வீட்ல இருக்கேன். மவனுக்கும் மருமவளுக்கும் வீட்டுக்குள்ளதான் ஆபீஸ். சத்தம் ஆகாது. பேரனுக்கு நம்ம பேச்சு புரியாது. இருமல் வந்தாக்கூட பால்கனிக்குப் போய்த்தான் இருமுதேன்."

லூர்துசாமி முட்டி, படி, சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க திட்டணும் சார். திட்டு விழாம முட்டி மடங்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "இரு, கீழ பார்க்கிங்குக்குப் போறேன்."

லூர்துசாமி கைப்பிடியைப் பிடித்துப் பத்துப் படி இறங்கி நின்றார். ஐந்து நிமிடத்தில் போன் அதிர்ந்தது.

"ஏலே! முட்டியாலே அது, துருப்பிடிச்ச தாப்பாளா? இன்னும் என்னலே நிக்க? ஏறுலே, மூதி!"

ஹடப்சரில் புறாக்கள் ஊரைவிட்டே கிளம்பியிருக்கும். சிஞ்ச்வட்டில் முட்டி மடங்கியது. அன்று பத்துப் படி, வியாழன் முப்பது, வெள்ளி ஐம்பத்து நான்கு. வலியில் கண்ணில் நீர் வழிந்தது. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

சனிக்கிழமை தீபா மேலே நின்று பார்த்தாள். கீழே போய்த் திரும்பி வந்தவரிடம், "சரிப்பா, இங்கேயே இருங்க," என்றாள். ஞாயிறு சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டாள். வீடு பழையபடி கடிகாரத்தின் வசம் வந்தது. ஜெயித்த மனிதர் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

திங்கள் பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"மவ ஒத்துக்கிட்டாளாப்பா?" பழையபடி அதே கிணற்றடிக் குரல்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார் லூர்துசாமி. சொல்லிவிட்டால் இந்த மனிதர் நாளைக்கு எதற்காகக் கீழே இறங்குவார்? யாரைப் பார்த்து, ஏலே என்பார்?

"இல்ல சார். நடை சரியில்லையாம். இன்னும் ஒரு மாசம் பார்க்கணுமாம்."

"ஒரு மாசமா?" குரலில் சட்டென்று இருபது வயது குறைந்தது. "இரு இரு, வச்சிராத. செருப்பு மாட்டிட்டு வாரேன்."

லூர்துசாமி கதவைப் பூட்டினார். ஐம்பத்து நான்கு படிகளையும் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, போனைக் காதில் வைத்தபடி, திட்டு வரட்டும் என்று நின்றார்.