வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு நன்றி

என் வீட்டுக்காரர் வெல்டர். யாரிடமும் கை நீட்ட மாட்டார். பக்கத்து வீட்டு ஏணியை இரவல் வாங்கினால்கூட, அதன் உடைந்த படியைப் பற்றவைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். அப்படிப்பட்ட ரோஷக்காரருக்குக் கண்ணில் பொறி தெறித்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். கையில் காசில்லை. அவருக்குத் தெரியாமல் நான்தான் நிதி திரட்டும் இணையதளத்தில் எழுதிப் போட்டேன். முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் மனுஷன் தாம்தூம் என்று குதித்தார். ஒருவழியாகத் தாஜா பண்ணிச் சம்மதிக்க வைத்தேன். அந்த நேரம் பார்த்து, கொடுத்தவரின் செய்தி தமிழில் வந்து விழுந்தது.

"நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு மனமார்ந்த நன்றி."

"பாத்தியா, குடுத்துட்டு நக்கல் வேற. திருப்பி அனுப்பு. கண்ணு போனா போகட்டும்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இணையதளத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலேயே கத்தினேன்.

"ஐயோ, மெஷின் மொழிபெயர்ப்பும்மா அது" என்றாள் எடுத்த பெண். "வாங்கிக்கிட்டதுக்கு நன்றின்னுதான் எழுதியிருக்கார்."

"குடுத்தவர் எதுக்கு நன்றி சொல்லணும்?"

"அவர் பௌத்தர்மா. இறந்துபோன மனைவிக்காகத் தானம் பண்றார். அந்தப் புண்ணியம் அவங்களைப் போய்ச் சேரும்னு நம்பறார். வாங்க ஆள் இருந்தாத்தானே குடுக்க முடியும், அதான் நன்றி. மனசு நிறைஞ்சு வாங்கிக்குங்கன்னு மட்டும் கேட்டிருக்கார்."

நான் போனை வைத்ததும் சுவர்ப் பக்கமிருந்து மெல்லத் திரும்பினார்.

"பொண்டாட்டிக்காகவா?"

"ஆமா."

"இதுக்கு நான் என்னத்தத் திருப்பிக் குடுக்கறது?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம வாங்கிக்குங்க. அவர் கேக்கறது அவ்வளவுதான்."

"அதுதான் எனக்கு வராதே" என்றார். பாவமாக இருந்தது. உண்மையிலேயே அவருக்கு வராதுதான்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். ஆறுதல் சொல்லப் போனால் எரிந்து விழுவார் என்று எனக்குத் தெரியாதா.

"இங்க வாயேன்" என்றார். "பயமா இருக்கு. கையப் புடிச்சுக்கோ."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். கதவு வரைக்கும் கையை விடவில்லை.