திமிர்வாதக்காரன் என்ன சொன்னான்?

1

இந்தக் கதை ஒரு கூரைச் சண்டையில் பிறந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தேவாலயத்தின் மாடி அறையில் சிலர் கூடி, சுவிசேஷங்களை அவை எழுதப்பட்ட காலத்தோடும் சமூகத்தோடும் சேர்த்துப் படிக்கிறோம். நடத்துபவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஆண்டவர் இருந்த வீட்டுக்குள் கூட்ட நெரிசலில் நுழைய முடியாத திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிப் படுத்திருந்தவனை, நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கிய இடத்துக்கு வந்தோம். தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்து ஆண்டவர் அவனை எழுந்து நடக்கவைத்தார். கூரையைத் தோண்டினார்கள் என்கிறார் சுவிசேஷம் எழுதிய மாற்கு. ஓடுகளின் வழியே இறக்கினார்கள் என்கிறார் லூக்கா. மண் கூரையா, ஓட்டுக் கூரையா? வாரக்கணக்கில் அதிலேயே போனது. நான் மண் கட்சி. தொண்டை கிழியக் கத்தினேன்.

2

முதல் தொடக்கம்: "தலையில் மண்கட்டி விழுந்ததும் வீட்டுக்காரர் அண்ணாந்து..."

(வேண்டாம். கூரை பிரிந்த வீட்டின் சொந்தக்காரரை வைத்துக் கொஞ்சம் சிரிப்புக் காட்டலாம். அதற்கு மேல் நகராது.)

இரண்டாவது தொடக்கம்: "அக்கா வீட்டுக்குப் போனேன்."

இது பரவாயில்லை. அக்காவின் கணவர், என் அத்தான், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் போய் மண்ணா ஓடா என்று ஆரம்பித்தேன்.

"எந்த ரூம்ல உக்காந்து பேசுறீங்க?"

"மாடியிலதான் அத்தான்."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே நுழைய முடியாத ஒருவனைப் பற்றி, படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறோம்.

[இவ்வளவு கச்சிதமாகப் பேசும் அத்தானை நீங்கள் சந்தேகப்படலாம். நானும் படுகிறேன். நிஜத்தில் இதற்கு நடுவே டீயில் சர்க்கரை போதவில்லை என்று அக்காவிடம் முணுமுணுத்தார்.]

3

"நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். நாற்காலியோட தூக்கிடுவோம்" என்றேன்.

"எதுக்கு? தூக்கினவங்க விசுவாசத்தை எல்லாரும் பாராட்டவா? மூணு சுவிசேஷத்துலயும் பாரு. அங்க உக்காந்திருந்த வேதபாரகன், அதான் வேதம் படிச்ச பண்டிதன், மனசுல நினைச்சதுகூட இருக்கு. கூட்டம் பேசினது இருக்கு. படுத்திருந்தவன் சொன்ன ஒரு வார்த்தைகூட எழுதல."

அந்தக் காலத்தில் நோயைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாகப் பார்த்தவர்கள் உண்டு என்று வாத்தியார் சொன்னதை எடுத்துச் சொன்னேன்.

"அந்தக் காலமா?" என்றாள் அக்கா. "போன மாசம் ஜெபம் பண்ண வந்தவர், இவருக்கு நம்பிக்கை பத்தலை, அதான் எழுந்திரிக்கலன்னு சொல்லிட்டுப் போனார். இவரும் கேட்டுட்டுச் சும்மா இருந்தார்."

"பதில் வச்சிருக்கேன்" என்றார் அத்தான். "எல்லாரும் இருக்கிற இடத்துல சொல்லணும்."

4

கீழே கூடத்தில் நடத்தலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"கீழ பாட்டு பிராக்டிஸ் நடக்குது தம்பி, ஒரே சத்தம். ஒருத்தருக்காக இத்தனை பேரை..."

நல்ல மனிதர்தான். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கப் போவதில்லை.

5

முடிவு ஒன்று: அத்தான் எழுந்து நடக்கிறார். அடித்துவிட்டேன். அதை எழுதினால் ஜெபம் பண்ண வந்தவர் சொன்னது சரியென்றாகிவிடும்.

முடிவு இரண்டு: வாத்தியார் கண்கலங்கி மனம் மாறுகிறார். அதையும் அடித்துவிட்டேன். அத்தான் பேசுவதற்கு யாருடைய மனமும் மாற வேண்டியதில்லை.

இந்தச் சனிக்கிழமை அக்கா நாற்காலியைத் தள்ளிவந்து மாடிப்படியின் அடியில் நிறுத்தினாள். நான் மேலே போகவில்லை. மேலே வாத்தியார் பாடத்தைத் தொடங்கும் குரல் கேட்டது. கூடத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினார்கள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கீழ இருக்கேன்" என்றார், மாடி வரை கேட்கும்படி. "ஒரு விஷயம் சொல்லணும்."

மேலே பேச்சு நின்றது. யாரோ கதவைத் திறந்தார்கள்.

அவர் சொன்னதை நான் எழுதிவிட்டால், மேலே இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்துவிடுவார்கள். எழுதமாட்டேன். இதுவரை நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். இறங்கி வாருங்கள்.